பொய் என்று எழுதிக் கொடுத்தேன்

நாங்கள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது, அரசியலமைப்பு நாளுக்காக இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஓர் உரிமையைப் பற்றி சார்ட்டில் எழுதி வரச் சொன்னார் வரலாற்று டீச்சர். திருப்பூரை ஒட்டிய அரசு மேல்நிலைப் பள்ளி. எனக்கும் என் பக்கத்தில் உட்காரும் தோழிக்கும் கருத்துரிமை வந்தது. அவள் குடும்பம் கோவில்பட்டிப் பக்கமிருந்து பனியன் வேலைக்கு வந்தது. அப்பா இல்லை. அம்மா முதலிபாளையத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை, தைத்து வரும் துணியில் ஓட்டையோ கறையோ இருக்கிறதா என்று பார்ப்பது.

பாடப்புத்தகத்தில் இருந்ததை எழுதி முடித்த பிறகும் சார்ட்டில் பாதி இடம் மீதியிருந்தது. பேசலாம் என்று எழுதிவிட்டு ஒன்றும் பேசாமல் விட்டால் எப்படி என்றாள் அவள். அப்படித்தான் அந்த வரிகள் வந்தன. பெண்கள் கழிப்பறையில் ஆடி மாதத்திலிருந்து தண்ணீர் இல்லை. அதனால் நாங்கள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை. மாதவிலக்கு நாட்களில் பலர் பள்ளிக்கே வருவதில்லை. வாசகம் அவளுடையது, கையெழுத்து என்னுடையது. கீழே இருவரும் பெயர் எழுதினோம்.

மறுநாள் காலை பள்ளியே நின்று அரசியலமைப்பின் முகவுரையை உரக்க வாசித்தது. மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தபோது எங்கள் சார்ட் சுவரில் இல்லை.

தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். கத்துகிற ஆள் இல்லை அவர். தண்ணீர் மோட்டார் பழுதானதைப் பற்றி மேலதிகாரிகளுக்கு மூன்று முறை எழுதியிருந்தார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அடுத்த வாரம் அதிகாரிகள் ஆய்வுக்கு வரவிருந்தார்கள்; அதற்குள் யாரோ சார்ட்டைப் படமெடுத்து வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்தப் பயம் அவர் முகத்தில் தெரிந்தது. உண்மைக்குப் புறம்பான தகவலை எழுதிவிட்டோம், மன்னிக்கவும் என்று ஆளுக்கொரு கடிதம் கொடுத்தால் போதும் என்றார்.

"மன்னிப்பு வேணும்னா எழுதித் தாரேன் சார். பொய்யின்னு எழுத மாட்டேன்" என்றாள் அவள்.

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

மங்கலத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பா, போன் வந்ததும் வேலையைப் பாதியில் விட்டு வந்தார். கைகட்டி நின்றார். "தெரியாம எழுதிப்போட்டாளுங்க சார். இப்பவே எழுதிக் குடுத்துருவாளுங்க" என்று சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் எழுதினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா டீக்கடையில் நிறுத்தி எனக்கு பன் வாங்கிக் கொடுத்தார். அதைச் சாப்பிடவும் செய்தேன்.

மறுநாள் அந்தக் கடிதத்தைத்தான் அவளிடம் காட்டினார் தலைமையாசிரியர். கூட எழுதிய பெண்ணே பொய் என்று ஒப்புக்கொண்டுவிட்டாளே, உனக்கு மட்டும் என்ன என்று கேட்டார். நானும் அங்கே நின்றேன். அவள் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. முன்பு சொன்ன பதிலையே சொன்னாள்.

நான்கு நாட்கள் அவளை வகுப்பில் விடவில்லை. தலைமையாசிரியர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்; அங்கேயே தனியாகச் சாப்பிட்டாள். நான் அந்த வராந்தா வழியாகப் போவதை விட்டுவிட்டு மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போனேன்.

ஐந்தாம் நாள் அவள் அம்மா வந்தார். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. வருகைப் பதிவேட்டைக் கொடுக்கப் போயிருந்த நான் அறையின் ஓரமாக நின்றேன். தலைமையாசிரியர் சொன்னதையெல்லாம் அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, பெண்கள் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். திரும்பி வந்தவர் உட்காரவில்லை, நின்றபடியே பேசினார்.

"எல்லாப் பைப்பையும் தொறந்து பாத்தேன் சார். காத்துதான் வருது. எம்பிள்ளை எழுதுனதுல எது பொய்யின்னு காட்டுங்க, நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புள்ளைய கிளாசுக்குப் போகச் சொல்லுங்கம்மா" என்றார்.

இரண்டு வாரத்தில் புது மோட்டார் வந்தது. எங்கள் சார்ட்டாலா, தலைமையாசிரியர் மேலே எழுதிய கடிதங்களாலா என்று யாரும் சொல்லவில்லை.

மோட்டார் வருவதற்கு முன்பே நான் அவரிடம் போய் என் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். ஃபைலில் சேர்ந்ததைத் தர முடியாது என்றார். அப்படியானால் ஒரு வெள்ளைத்தாள் கொடுங்கள் என்று வாங்கி, அவர் மேசையிலேயே எழுதினேன். சார்ட்டில் எழுதியது உண்மை. பொய் என்று எழுதிக் கொடுத்தது பயத்தில். அவர் இரண்டு முறை படித்தார்.

"இது வேணுமா கண்ணு?"

"வேணுங்க சார்."

அதையும் ஃபைலில் வைத்தார்.

அவளிடம் சொன்னேன். "சரி" என்றாள். அதற்குள் அவள் முன்வரிசைக்கு இடம் மாறியிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை என் பெஞ்சுக்குத் திரும்பவில்லை. கோபமாக இருந்தாள் என்று சொல்ல முடியாது. நோட்டு கேட்டால் கொடுப்பாள், சிரிப்பாள். இப்போது கோவில்பட்டியில் நர்சாக இருக்கிறாள். எப்போதாவது போனில் பேசுவோம். அந்த வாரத்தைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதில்லை.

நான் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் வேலை செய்கிறேன். துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்காக வேலை நிலைமையைப் பார்க்க ஆடிட் வரும்போது, வந்தவர்கள் தொழிலாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஏதாவது குறை உண்டா என்று கேட்பார்கள். அப்போது யார் என்ன சொல்கிறார்கள் என்று கவனிக்கக் கம்பெனி ஆள் ஒருவர் அறையில் நிற்பது எங்கள் கம்பெனி வழக்கம். என்னை நிற்கச் சொல்லும் நாட்களில் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுகிறேன். மேனேஜர் இதுவரை இரண்டு முறை எச்சரித்துவிட்டார்.