நான்கு நிமிடம்

என் கணவர் போர்வெல் வண்டியில் டிரில்லர். லீவரை இழுத்து இரும்பு ராடைத் தூக்குவதும் இறக்குவதும் அவர் வேலை. அந்த ராடுக்கு அடியில் எப்போதும் இரண்டு பேர் நிற்பார்கள். மாசியில் ஒரு ராடு நழுவி அவர் தலையிலேயே பட்டது.

தையல் பிரித்த அன்று டாக்டர், "மூளைக்கு வேலை கொடுங்க" என்றார். மகள் பெங்களூரிலிருந்து ஒரு கையடக்க வீடியோ கேம் அனுப்பினாள். உள்ளே எல்லாம் புதிர்கள். பெட்டிகளைத் தள்ளி வழி உண்டாக்க வேண்டும். மூன்று குடங்களை வைத்துத் தண்ணீர் அளக்க வேண்டும். முடித்தால் ஒரு சத்தத்தோடு நட்சத்திரம் தரும்.

காலைக் காப்பிக்குப் பிறகு அவர் விளையாடுவார். நான் கடிகாரத்தைப் பார்த்து டைரியில் எழுதுவேன். முதல் நாள் முப்பத்தொரு நிமிடம். பத்தாம் நாள் பதினெட்டு. அப்புறம் ஒன்பது. வைகாசியில் நான்கு.

நான்கு என்று எழுதிய அன்றே வண்டி மேனேஜருக்குப் போன் செய்து, டைரியை வாசித்துக் காட்டினேன்.

"டாக்டரு சீட்டைவிட உங்க நோட்டு தெளிவா இருக்குதுங்க அக்கா. ஞாயித்துக்கெழமை வடக்க கெளம்பறோம். அண்ணனைப் புதுச்சத்திரம் ரோட்டுல வந்து நிக்கச் சொல்லீருங்க."

பையைக் கட்டி வைத்தேன். சனிக்கிழமை மதியம் அவர் வாசலில் கேமும் கையுமாக உட்கார்ந்திருந்தார். திரையில் வெயில் அடித்தது, எதுவும் தெரிந்திருக்காது. அவர் பார்வையும் சாலையில்தான் இருந்தது. விரல்கள் மட்டும் அமுக்கின. வலது, வலது, மேல், இடது. அதே வரிசை திரும்பத் திரும்ப ஓடி, கடைசியில் நட்சத்திரச் சத்தம் கேட்டது.

"ஏனுங்க, பார்க்காமயே போடறீங்க?"

"அதெல்லாம் கை பழகிப் போச்சு அம்மிணி."

கேமை அவர் கையிலிருந்து வாங்கினேன். இதுவரை திறக்காத புதிர் ஒன்றைத் திறந்து, நிழலில் உட்கார வைத்துக் கொடுத்தேன். வலது, வலது, மேல், இடது. பெட்டி மூலையில் சிக்கிக்கொண்டது. மறுபடியும் அதே வரிசை. நாற்பது நிமிடம் பார்த்தேன்.

"மெசினு கெட்டுப் போச்சாட்டம் இருக்குது" என்று சிரித்தார்.

டைரியைப் புரட்டினேன். நிமிடக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. எந்தப் புதிர் என்று மட்டும் ஒரு நாளும் நான் எழுதவில்லை. கேமில் ஒரே ஒரு புதிரில்தான் நட்சத்திரம் இருந்தது; தினமும் அதையேதான் போட்டிருக்கிறார். நாளை மறுநாள் அவர் லீவரைப் பிடிப்பார். கீழே இரண்டு பேர் அண்ணாந்து நிற்பார்கள்.

அவர் எதிரிலேயே மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"அவரு வரலீங்க தம்பி."

"என்னக்கா, நாலு நிமிசத்துல முடிக்கறாருன்னீங்க?"

"ஒரே ஆட்டத்தையே ஆடியிருக்காருங்க. புதுசு குடுத்தா முடியல. நாந்தான் கவனிக்காம உட்டுட்டேன்."

"செரிங்க அக்கா, வேற ஆளைப் பாக்கறேன்" என்று வைத்துவிட்டான்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய்ப் பையைத் திறந்தார். நான்கு சட்டைகளையும் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நடு அறையில் நின்றார்.

"இதையெல்லாம் எந்தப் பீரோவுல வெக்கறது அம்மிணி?"

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே பீரோ. அவர் அதற்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தார்.