ஒலிவாங்கியின் பின்பக்கம்

சாந்தினியின் குரலைக் கெடுத்தவள் நான். தெரியாமல் அல்ல, தெரிந்தே செய்தேன். அவளுக்கு இது இன்றுவரை தெரியாது.

நான் மரண அறிவித்தல் வாசிக்கிறவள். "திருகோணமலையைப் பிறப்பிடமாகவும், லண்டனை வதிவிடமாகவும் கொண்ட..." என்று கைபேசியில் நீங்களும் என்னைக் கேட்டிருக்கலாம். கனடாவிலிருந்து ஒருவர் விபரங்களை அனுப்புவார். திருகோணமலை அன்புவழிபுரத்தில் என் படுக்கையறையிலிருந்து வாசித்து அனுப்புவேன். ஊரில் இதற்கு என்னை விட்டால் ஆளில்லை என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

சாந்தினி பக்கத்து வீட்டுக்காரி. பாரிசவாதத்தில் படுத்த தாயைப் பார்க்கவென்று துறைமுகத்து அலுவலக வேலையை விட்டவள். அரை மணி நேரம்கூட வீட்டை விட்டு நகர முடியாது. எனக்குத் தடிமன் பிடித்து மூக்கும் குரலும் அடைத்த ஒரு நாள், அவளைக் கூப்பிட்டு ஓர் அறிவித்தலை வாசிக்க வைத்தேன்.

கனடாக்காரரின் பதில் குரலாகவே வந்தது. அவளும் அருகில் நின்றாள்.

"இது ஆர்? நல்ல குரல். வீட்டில ஒரு மைக் வைச்சு மூண்டு மாதிரி வாசிச்சு அனுப்பச் சொல்லுங்கோ. இனி இவவே வாசிக்கலாம்."

இவவே! பத்து வருடமாக வாசிக்கிற நான் என்ன செத்தா போனேன்?

அவள் என் கையைப் பிடித்தாள். "வீட்டில இருந்தே செய்யலாம் எண்டா எனக்கு வேற என்ன வேணும்? எனக்கு இது ஒண்டும் விளங்காது அக்கா. நீங்கள்தான் பூட்டித் தரவேணும்."

பூட்டிக் கொடுத்தேன். மலிவாக, யாரோ பாவித்து விட்ட ஒலிவாங்கி ஒன்று தேடிப் பிடித்தேன். எதிரொலி அடங்க மெத்தையைச் சுவரில் சாய்த்தேன். சேலைகள் நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்தேன். மூச்சு மோதாதிருக்கத் தையல் வளையத்தில் பழைய காலுறையை இழுத்துக் கட்டினேன். எல்லாம் சரியாகவே செய்தேன். ஒன்று பிழைப்பதற்கு மற்றதெல்லாம் சரியாக இருக்க வேண்டும் அல்லவா...

அந்த வகை ஒலிவாங்கிக்கு ஒரு பக்கம்தான் முகம். அதில் சிறிய இதய வடிவக் குறி இருக்கும். அதற்கு நேரேதான் பேச வேண்டும். பின்பக்கம் பேசினால் குரல் எங்கோ தூரத்தில் மங்கிக் கேட்கும். முன்னால் என்ன இரைச்சல் உண்டோ அது எல்லாம் உள்ளே வரும்.

"இந்தக் குறி தெரு ஜன்னல் பக்கம் பாக்கட்டும், பிள்ளை. நீர் இஞ்சால இருந்து வாசியும். திருப்பிப் போடாதையும்," என்றேன்.

"ஓம் அக்கா."

துடைக்கும்போதுகூடத் திரும்பிவிடக் கூடாதென்று, தாங்கியை மேசையோடு சேர்த்துப் பிளாஸ்டர் ஒட்டினாள். அவ்வளவு நம்பினாள்.

முதல் மாதிரியில் ஆட்டோச் சத்தமும் கப்பல் ஊதுவதும் தெளிவாகக் கேட்டன. அவள்தான் கேட்கவில்லை. "தூரமா இருக்கு" என்று பதில் வந்தது.

"இன்னும் பலமா வாசிக்கட்டோ அக்கா?"

"ஓம், பலமா வாசியும்."

தொண்டை கட்டும்வரை கத்தி வாசித்தாள். அடுத்த அறையில் கிடந்த தாய், மகள் தன்னைத்தான் ஏசுகிறாள் என்று நினைத்து அழுதாராம். அதைக் கேட்ட பிறகாவது நான் நிறுத்தியிருக்கலாம்... நிறுத்தவில்லை. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது. அதையும் மறைக்க மாட்டேன்.

மூன்றாவது மாதிரிக்கு, "உயிரில்லை, விடுங்கோ" என்று பதில் வந்தது.

"அண்டைக்கு உங்கட வீட்டில மட்டும் எப்பிடி நல்லா வந்தது?" என்று கேட்டாள்.

"சிலருக்கு ஒருக்கா அப்பிடி அமையும். எப்பவும் அமையாது," என்றேன்.

அதன் பிறகு அவள் கோயிலில் தேவாரம் பாடுவதையும் விட்டுவிட்டாள். அந்த வேலை என்னிடமே தங்கியது. அவள் வீட்டில் அரிசி குறைந்ததை நான் கண்டேன். கண்டும் காணாதவளாக இருந்தேன்.

போன மாதம் அந்தத் தாய் இறந்தார். உடல் வீட்டில் கிடக்க, சாந்தினி ஒலிவாங்கியோடு என்னிடம் வந்தாள்.

"தன்ர அறிவித்தலை நான்தான் வாசிக்கவேணும் எண்டு அம்மா சொன்னவ. என்ர குரலால ஏலாது அக்கா. நீங்களே வாசியுங்கோ. இதையும் வைச்சிருங்கோ, எனக்கு இனி எதுக்கு?"

அவளை என் கதிரையில் இருத்தி, அந்தக் குறியை அவள் பக்கம் திருப்பினால் போதும். அரைச் சுற்று! ஆனால் முதல் வரியிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிடும். நான் யார் என்பதும் விளங்கிவிடும்.

அவள் போன பிறகு, குறியை என் பக்கம் திருப்பி வைத்து நானே வாசித்தேன். "வெருகலைப் பிறப்பிடமாகவும்..." எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டுமோ அந்த இடத்தில் தழுதழுத்தது. செத்த வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவள் அதைப் போட்டுக் காட்டினாள். பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"நான் வாசிச்சிருந்தா அம்மாவின்ர கடைசிக் காரியத்தையே கெடுத்திருப்பன், என்ன அக்கா?"

ஓம் என்று சொல்லி, அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.