ஆற்றில் விட்ட சட்டை

ஜப்பானுக்குப் போய்வந்த மனிதர் என்று கொழும்பு வெள்ளவத்தையில் எனக்கு இப்போது ஒரு மதிப்பு இருக்கிறது. எங்கள் மாடிக் குடியிருப்பின் கூட்டத்தில் குப்பை வாளிகளைப் பற்றிப் பேச்சு வந்தாலும் "அங்க எப்பிடி?" என்று என்னைத்தான் கேட்கிறார்கள். எல்லாம் நான் அங்கிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு வீடியோவால் வந்த வினை. அதை யாராவது புகழ்ந்தால் எனக்கு வெட்கத்தில் காது சுடுகிறது.

எங்களுக்கு ஒரே மகள். ஜப்பானில், மலைகளுக்கு நடுவே ஓடும் ஓர் ஆற்றின் கரையில், ஒரு சிறிய ஊரின் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். வயோதிபரைக் குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, கையைப் பிடித்து நடத்துவது. வெள்ளவத்தையில் நான் அதை "சுகாதாரத் துறை" என்று சொல்லிவைத்திருந்தேன். வயது முப்பது தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை, திரும்பி வரும் எண்ணமும் அவளுக்கு இல்லை. தொலைபேசியில் நான் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி.

"அங்க உனக்கு ஆர் இருக்கினம்?"

"இருக்கினம் அப்பா" என்பாள். யார் என்று நான் விசாரித்ததில்லை. ஒருவரும் இல்லை, என்னைச் சமாளிக்கச் சொல்கிறாள் என்றே நினைத்தேன். எங்கள் காலத்துக்குப் பிறகு இவள் அந்த மலைக்குள் தனித்துக் கிடப்பாளே என்பதுதான் எனக்கும் மனைவிக்கும் இருந்த ஒரே பயம்.

அந்தப் பயம் எங்களைக் கொட்டாஞ்சேனையில் ஒரு சாத்திரியாரிடம் கொண்டுபோய் விட்டது. நான் வங்கி உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவன், சாத்திரம் பார்ப்பவர்களைக் கண்டால் கேலி பண்ணுகிறவன். மனைவிக்குத் துணையாகத்தான் போனேன். கோயிலுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் அவருடைய வீடு. மகளின் சாதகக் குறிப்பைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், தோஷம் என்றார்.

"பிள்ளை உடுத்தி வேர்வை பட்ட உடுப்பொண்டை எடுத்து, தேசிக்காய் வைச்சு மஞ்சள் நூலால கட்டி, அவ இருக்கிற ஊர் ஆத்தில விடுங்கோ. சனிக்கிழமை, சூரியன் வரமுன்னம். விட்டிட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது."

"அவ்வளவு தூரம் ஏன் போகவேணும்? வெள்ளவத்தைக் கடல்ல விட்டால் ஆகாதோ?" என்று நான் நக்கலாகக் கேட்டேன்.

"கடல் திருப்பித் தந்திடும்" என்றார் அவர், சிரிக்காமல்.

அது உண்மைதான். எங்கள் கடல் எதையும் வைத்துக்கொள்வதில்லை. மாலை, பழைய சாமிப்படம், அஸ்தி கரைத்த மண்முட்டி எல்லாம் மறுநாள் ரயில் பாதையோரக் கற்களில் கிடக்கும். பதில் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. வீடு திரும்பும் வழியில் விமான டிக்கெட் பற்றிப் பேச்செடுத்தது மனைவி அல்ல, நான்.

அக்கம்பக்கத்தில் "இயற்கையையும் கலாசாரத்தையும் பார்க்கப் போறம்" என்று சொல்லிக்கொண்டு கிளம்பினோம். மகளுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. ஒற்றை அறை வீட்டில் தன் படுக்கையை எங்களுக்குத் தந்துவிட்டு அவள் சமையல் மேசைக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தாள். இல்லத்தில் லீவு எடுத்து எங்களைக் கூட்டிக்கொண்டு திரிந்தாள்.

ஊர் அழகான ஊர். பச்சை நிறத் தண்ணீர், அடியில் கிடக்கும் கல்லை எண்ணலாம். மாலையில் கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கிகளில் ஒரு மெல்லிய இசை வரும், பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நேரம் என்று அதற்கு அர்த்தமாம். கரையோரக் கடையில் ஆற்று மீனைக் குச்சியில் குத்தி உப்புப் போட்டுச் சுட்டுத் தந்தார்கள். எனக்கு உறைப்பு இல்லாத மீன் இறங்காது என்று மகளுக்குத் தெரியும். அதனால் சனிக்கிழமை முதல் ரயிலில் நகரத்துக்குப் போய், ஆட்டிறைச்சியும் மிளகாய்த்தூளும் தேங்காய்ப் பாலும் வாங்கி வருவதாகச் சொன்னாள். நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சனிக்கிழமை தானாகவே அமைந்துவிட்டது.

அவள் இருட்டோடு ஸ்டேஷனுக்கு நடந்து போனாள். அவளுடைய சைக்கிள் வாசலில் நின்றது. மனைவி அலுமாரியின் அடியிலிருந்து ஒரு வெளிர்நீலச் சட்டையை எடுத்தாள். இல்லத்து வேலைச் சட்டை, தோய்த்துத் தோய்த்து நிறம் போனது. கழுத்துப் பட்டியின் உட்பக்கம் ஏதோ ஜப்பானிய எழுத்து தைத்திருந்தது. கடைக்காரனுடைய பெயராக்கும் என்றேன் நான். மனைவி தேசிக்காய்க்கு பிரிட்ஜிலிருந்த சின்ன எலுமிச்சம்பழம் ஒன்றைச் சட்டைப் பைக்குள் வைத்து, கொழும்பிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் நூலால் சட்டையைச் சுற்றிக் கட்டினாள். ஆற்றங்கரைக்குப் போய் நான்தான் அதைத் தண்ணீரில் விட்டேன். குளிரில் கை விறைத்தது. திரும்பிப் பார்க்காமல் இருவரும் மேட்டில் ஏறினோம். மனைவி அழுதாள். எனக்கும் பெரியதொரு பாரம் இறங்கினது மாதிரி இருந்தது.

வீட்டுக்கு உடனே போகாமல் மலையடிவாரத்தில் ஒரு சின்னக் கோயிலின் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டோம். நன்றாக விடிந்த பிறகு ஒலிபெருக்கி பேசத் தொடங்கியது. இந்த முறை இசை இல்லை. ஒரு பெண் குரல் நிதானமாக எதையோ திரும்பத் திரும்பச் சொன்னது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. "திருவிழாவாக்கும், எங்கட கோயில்ல காலமை பூசைக்குச் சொல்லுறமாதிரி" என்று மனைவிக்கு விளக்கம் கொடுத்தேன். தெரியாததை விளக்குவதில் எனக்கு எப்போதும் தயக்கம் இருந்ததில்லை.

சத்தம் வந்த பக்கம் போனோம். ஆற்றில் ஊரே இறங்கி நின்றது. இடுப்புக்கு மேல்வரை வரும் ரப்பர் உடுப்புப் போட்ட ஆண்கள் வரிசையாக நின்று நீண்ட மூங்கில்களால் தண்ணீரின் அடியைத் துழாவிக்கொண்டு மெல்ல நகர்ந்தார்கள். பாதிப் பேருக்கு என்னைவிட வயது கூட. இரண்டு படகுகள். கரையில் பெண்கள் போர்வைகளோடும் சுடுநீர்ப் போத்தல்களோடும் நின்றார்கள். கூச்சல் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. பாரம்பரிய மீன்பிடி என்று நான் முடிவுகட்டினேன். போனை எடுத்து வீடியோ பிடித்தேன். பின்னணியில் என் குரலும் இருக்கிறது: "ஒரு ஊர் ஒண்டாச் சேர்ந்து வேலை செய்யிற ஒழுக்கத்தைப் பாருங்கோ. நாங்கள் எப்ப திருந்தப்போறம்?" அதை அங்கேயே நின்று வெள்ளவத்தைக்கு அனுப்பினேன். தண்ணீரில் நின்ற ஒரு கிழவரைப் பார்த்துக் கையும் ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்துத் தலையைத் தாழ்த்திவிட்டு மறுபடியும் மூங்கிலை ஊன்றினார்.

அப்போது மகளுடைய இல்லத்தின் பொறுப்பாளர் ஓடி வந்தார். முந்தைய நாள்தான் எங்களுக்குத் தேநீர் ஊற்றித் தந்த பெண்மணி. எங்கள் முன்னால் நின்று இடுப்பு வளையக் குனிந்தார், நிமிரவேயில்லை. நான் மலர்ந்த முகத்தோடு கைகூப்பி நானும் குனிந்தேன். மனைவியும் சிரித்தாள். அவர் நிமிர்ந்தபோது முகம் முழுக்கக் கண்ணீர். பின்னால் நின்ற ஒருவர் நனைந்த வெளிர்நீலச் சட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தார்.

பொறுப்பாளர் தன் போனில் பேசி, அது ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியதை என்னிடம் நீட்டினார். ஆற்றின் குறுக்கே மீன்பிடிக்கக் கட்டிய மூங்கில் தட்டியில் இந்தச் சட்டை சிக்கியிருந்தது. உள்ளே உங்கள் மகளின் பெயர் தைத்திருக்கிறது. வீட்டில் ஆளில்லை, சைக்கிள் வாசலில் நிற்கிறது, போனை எடுக்கிறாள் இல்லை. எல்லோரும் தேடுகிறோம். மன்னித்துக்கொள்ளுங்கள்.

மகள் ரயிலில் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அங்கே ரயிலில் போனைச் சத்தமில்லாமல் வைப்பார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் அத்தனை பேர் தேடுவதைப் பார்த்தபோது அது எனக்குப் போதவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாதென்ற ஆற்றை நானும் பார்த்தேன். அவளுக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன்.

"என்னப்பா, ரயிலுக்குள்ள கதைக்கக் கூடாது, இப்பதான் இறங்கினனான்" என்றாள் மகள்.

போனைப் பொறுப்பாளரிடம் கொடுத்தேன். குரலைக் கேட்டதும் அவர் அப்படியே கூழாங்கல்லில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கரையோரமாக ஓடி ஓடி ஒவ்வொருவராக மேலே கூப்பிட்டார்கள். நான் கையாட்டிய கிழவர்தான் கடைசி. அவர் கீழே வெகுதூரம் போயிருந்தார், காதும் மந்தம்போல. ஒருவர் தண்ணீரில் இறங்கிப் போய்த் தோளைத் தொடும்வரை துழாவிக்கொண்டே இருந்தார்.

சட்டை எப்படி ஆற்றுக்கு வந்தது என்று பொறுப்பாளர் மெதுவாகக் கேட்டார். "காயப்போட்டிருந்தது. காற்றில் பறந்திருக்கும்" என்றேன். சட்டையை ஏந்தி நின்றவர் ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து விரித்தார். அதில் அந்தத் தேசிக்காயும், அவிழ்த்துச் சுருட்டிய மஞ்சள் நூலும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்பார்கள், நான் ஒரு தேசிக்காயை மறைக்கப் பார்த்தேன். அவர்கள் அதைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், "நல்லதாய்ப் போயிற்று, நல்லதாய்ப் போயிற்று" என்று குனிந்து எல்லாவற்றையும் என் கையில் தந்தார்கள். ஒருத்தராவது ஏசியிருந்தால் நான் நிமிர்ந்து நின்றிருப்பேன். வெள்ளவத்தையாக இருந்தால் என் பரம்பரையையே இழுத்திருப்பார்கள்.

மகள் ஆட்டிறைச்சிப் பொதியோடு வீட்டுக்கு வந்தாள். மேசையில் இருந்த தேசிக்காயையும் நூலையும் கண்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது. கத்தவில்லை. சட்டையை எடுத்துத் தோய்த்தாள். இறைச்சியைக் கழுவிக் கறியும் வைத்தாள். எனக்காக வைத்த கறியை மிச்சம் விடப் பயந்து தட்டைத் துடைத்துத் தின்றேன்.

மறுநாள் காலையில் இனிப்புப் பெட்டிகள் வாங்கிக்கொண்டு வந்து, "வெளிக்கிடுங்கோ, வீடுவீடாப் போய் மன்னிப்புக் கேக்கவேணும்" என்றாள்.

"விடு பிள்ளை, அவையள் ஒண்டும் சொல்லேல்லையே" என்றேன்.

"அதாலதான் போகவேணும்."

ஒவ்வொரு வாசலிலும் அவள் முன்னால் நின்று குனிந்தாள். பெட்டிகளைச் சுமந்துகொண்டு நாங்கள் பின்னால் நின்றோம், அவள் குனியும்போது குனிந்தோம். எல்லோரும் அவளை உள்ளே கூப்பிட்டார்கள். ஒரு கிழவி அவளுடைய கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கடைசி ஆளாய்த் தண்ணீரிலிருந்து ஏறிய கிழவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருமியபடி கதவைத் திறந்தார். காய்ச்சலாம். அவருடைய மனைவியைத்தான் இல்லத்தில் மகள் பார்த்துக்கொள்கிறாளாம். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, முந்தைய நாள் நான் செய்ததைப் போலவே கையை ஆட்டினார். எனக்கு அந்தப் படியிலேயே புதைந்துபோகலாம் போலிருந்தது.

திரும்பி வரும்போது "என்ன சொன்னனி எல்லாருக்கும்?" என்று கேட்டேன்.

"காயப்போட்ட சட்டை காத்தில பறந்து போட்டுது, என்ர கவனக்குறைவு எண்டு சொன்னனான்."

"உண்மையைச் சொல்லியிருக்கலாமே பிள்ளை, நான்தான் செய்தனான் எண்டு."

"நீங்கள் ஏற்கனவே ஒரு பொய் சொல்லிப்போட்டியள் அப்பா. அதை நான் மாத்தினால் அவையளுக்கு முன்னால நீங்கள் பொய்யனாப் போயிடுவியள்" என்றாள். கொஞ்சத் தூரம் நடந்துவிட்டு, "தேசிக்காயை அவையும் கண்டவைதான். ஆனா ஒருத்தரும் கேக்கேல்லை" என்றாள்.

திங்கட்கிழமை அவள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போனாள். விமான நிலையத்தில் விடைபெறும்போது வழக்கமான கேள்வி என் வாய்வரை வந்தது. உனக்கு ஆர் இருக்கினம் என்று இனி எந்த முகத்தோடு கேட்பது? "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று மட்டும் சொன்னேன்.

நாங்கள் வந்து சேரும் முன்பே வீடியோ வெள்ளவத்தையைத் தாண்டிப் பொரளை, கனடா என்று போய்விட்டது. நான் என் போனில் அதை அழித்தேன். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. யாராவது ஒருவர் "இதைப் பாருங்கோ" என்று எனக்கே திருப்பி அனுப்புகிறார்.

போன வாரம் கடைக்குப் போய்விட்டு நானும் மனைவியும் லிஃப்டில் ஏறினோம். மேல் மாடியில் இருப்பவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கூட வந்தார். மகளை விசாரித்தார். "கலியாணமும் இல்லாமல் அவ்வளவு தூரத்தில பிள்ளை தனிய. அங்க அவவுக்கு ஆர் இருக்கினம்?" என்று என் கேள்வியை என்னிடமே கேட்டார். நான் எங்கள் மாடிப் பொத்தானை அமுக்கினேன். அவர் பேச்சை மாற்றினார்.

"உங்கட வீடியோ நல்ல வீடியோ. அவ்வளவு சனமும் தண்ணிக்குள்ள நிண்டு என்ன தேடினவை? மீனோ?"

"ஓம், ஒரு வகை மீன்..." என்று நான் தொடங்கினேன்.

மனைவி மரக்கறிப் பையைக் கீழே வைத்தாள்.

"என்ர பிள்ளையைத் தேடினவை" என்றாள்.