மூன்று விரல் இங்கிலீஷ்

‘வெயிட்’ என்று சொன்னதும், அடுத்து ‘டு’வா ‘ஃபார்’ஆ என்று உங்களில் எத்தனை பேருக்கு நாக்கு நின்றுபோகும்? கையைத் தூக்க வேண்டாம். கையைத் தூக்கி நான் பட்டதே போதும்.

திண்டுக்கல்லில் எங்கள் எதிர்வீட்டு செல்வி அக்காவுக்குப் போன புதன்கிழமை வீடியோ காலில் இன்டர்வியூ. காய்கறி ஏற்றுமதி கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. அக்கா எட்டு வருடமாக ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு ஷெட்டில் முருங்கைக்காய் தரம் பிரிப்பவர். தொழிலில் குறையே கிடையாது. இங்கிலீஷில்தான்...

“பெரிய வார்த்தையெல்லாம் வந்துருது தம்பி. நடுவுல வார பொடிசுகதான் காலை வாருது” என்றார்.

நான் சும்மா இருப்பேனா? ஒரு திட்டம் போட்டேன். கேமராவில் படாமல் பக்கத்தில் நான். ஒரு விரல் காட்டினால் ‘டு’. இரண்டு என்றால் ‘ஃபார்’. மூன்று — ‘ஆன்’.

முதல் கேள்வி நன்றாகவே போனது. இரண்டாவது — லாரி லேட்டானால் என்ன செய்வீர்கள்?

“ஐ வில் வெயிட்...”

அக்கா என்னைப் பார்த்தார். நான் அவசரத்தில் மூன்று விரலைக் காட்டி, ஒன்றை மடக்கி, மறுபடி நீட்டி... அக்காவின் கண்ணும் கூடவே ஏறி இறங்கியது.

“யாரும்மா பக்கத்துல?” என்றது லேப்டாப்.

போச்சு! எட்டு வருடத்தில் வந்த ஒரே அழைப்பு, என் விரலால் போச்சு.

அக்கா மறைக்கவில்லை. “எதிர்வீட்டுத் தம்பி சார். பொடி வார்த்தை மட்டும் அவரு. மத்ததெல்லாம் என்னுதுதான்.”

அந்தப் பக்கம் இருந்தவர், “சரி, தமிழ்லயே சொல்லுங்க” என்றார்.

அவ்வளவுதான். “காயை வெயில்ல விடக்கூடாது சார். நனைச்ச சாக்கைப் போட்டு மூடணும். லாரி வந்ததும் கட்டுக்கு ரெண்டு காயை முறுக்கிப் பாக்கணும். வளைஞ்சா ஏத்தலாம். வெறைச்சு நின்னா முத்தல், உள்ளூர் சந்தைக்குத் தள்ளிரணும்...”

பத்து நிமிடம்! நடுவில் கேள்வி கேட்கக்கூட அவருக்கு இடமில்லை. பேசத் தெரியாதவர்கள் என்று நாம் முடிவு கட்டும் பலரிடம், யாரும் சரியான கேள்வியையே கேட்டதில்லையோ?

வெள்ளிக்கிழமை வேலைக்கான ஆர்டர் வந்துவிட்டது. இங்கிலீஷைப் போகப்போகப் பழகிக்கொள்ளலாமாம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு ஏதாவது வேலை வேண்டுமா என்று மட்டும் அவர்கள் கேட்கவே இல்லை!