என் மானத்தை எடுத்துக்கொண்டு ஜான் சாரைத் தந்த அந்தோணியார்

அன்பான பங்கு மக்களே, அந்த அலுவலகத்தின் நாற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண்டவருடைய அருளைப் பிறகு சொல்கிறேன். எனக்கும் அந்த வரிசையில்தான் கிடைத்தது.

எண்பத்தாறாம் வருடம், தவக்காலத்தின் தொடக்கம். மாவட்டத் தலைநகரில் ஓர் அரசு அலுவலகம். பெயர் சொல்ல மாட்டேன். எனக்கு அங்கே இன்னும் வேலை இருக்கிறது. மாடிப்படி மூலையெல்லாம் வெற்றிலை எச்சில். காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு உண்டு. அதைக் கக்கூஸ் கதவுக்கு எதிரே போட்டிருந்தார்கள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே யார் போனாலும் பெஞ்சின் கடைசியில் இருப்பவர் காலை நீட்டிக் கதவை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அன்று கடைசி ஆள் நான். நோன்பு வேறு. வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டாலும் வாந்தி வரும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

என் பக்கத்தில் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் ஜான் சார். அவருக்காகத்தான் இந்தக் காவல் உத்தியோகம்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். செஞ்சிக் கடைத்தெருவில் மைக் செட் வாடகைக்கு விடும் சூசை. கல்யாணமோ சாவோ, என் குழாய் கட்டாமல் நடக்காது. அதோடு நம் ஊர்க் கால்பந்துக் கழகத்துக்கு நான்தான் செயலாளர், நான்தான் பயிற்சியாளர். ராஜகிரி மலையடிவாரத்து மைதானத்தில் புளியமரத்து நிழலில் நாற்காலி போட்டு, மைக்கில் "ஓடு, ஓடு, அடி!" என்று சொல்வேன். இதுதான் என் பயிற்சி முறை. நம் பையன்களும் ஓடுவார்கள், அடிப்பார்கள், தோற்பார்கள்.

ஜான் சார் மொரீஷியஸ் தீவுக்காரர். அவருடைய பாட்டனாரின் தகப்பனார் நம் தென்னாற்காட்டிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர். அந்த மண்ணைப் பார்க்க வந்தவரை நம் பங்குச் சாமியார் பங்களாவில் தங்க வைத்தார். தீவில் அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் கால்பந்துப் பயிற்சியாளர். ஒரு நாள் சாயங்காலம் சும்மா மைதானத்துக்கு வந்து, நம் பையன்களுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். அந்த வாரம் நாங்கள் முதன்முறையாக ஒரு பந்தயத்தில் தோற்காமல் திரும்பினோம்.

அவ்வளவுதான். நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். அனந்தபுரத்துக் கடலை வியாபாரி ஒருவர் சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டார். "இங்கேயே இருங்க சார்" என்றேன். சுற்றுலா விசாவில் வந்தவனால் வேலை பார்க்க முடியுமா என்று அவர் கேட்டதைச் சாமியார் மொழிபெயர்த்தார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "அதெல்லாம் ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிச்சிடலாம்" என்றேன். அந்த மனிதர் என் வாயை நம்பித் தீவுக்குக் கடிதம் எழுதி, பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டார். இப்போது அனுமதி கிடைக்காவிட்டால் அவருக்கு இங்கேயும் வேலையில்லை, அங்கேயும் வேலையில்லை. ஈஸ்டருக்குள் விசா முடிகிறது. டீ மட்டும் இன்னும் வரவில்லை.

அந்த அலுவலகத்தில் ஒரு கிளார்க். பாக்கை மென்றுகொண்டே கேட்டார்.

"எங்கய்யா வெளிநாட்டு ஆளு?"

"இவருதான் சார்."

"இவனா? வல்லத்துல எம் மச்சான் இதே மூஞ்சிதான். இன்னாய்யா, வெளிநாடுன்னு கத வுடற?"

ஜான் சார் மரியாதையாகச் சிரித்து, பங்களாச் சமையல்காரம்மா கற்றுக்கொடுத்த ஒரே வாக்கியத்தைச் சொன்னார். "சோறு நல்லா இருக்குது."

"பாத்தியா, தமிழ் பேசறான்!" என்று கிளார்க் எழுந்தே நின்றுவிட்டார். பாஸ்போர்ட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். அன்றைக்கு அதோடு போயிற்று. மறுநாள் மறுபடி பஸ், மறுபடி பெஞ்சு, மறுபடி கதவு.

கடைசியில் அதிகாரியின் அறைக்குள் விட்டார்கள். அவர் பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டிருந்தார். குடைந்து முடித்து, மூடியை ஒரு முறை பார்த்துவிட்டு, அதை வாயில் வைத்துக் கடித்தார். நான் சுவரைப் பார்த்தேன். சுவரிலும் பார்க்கத் தகுந்ததாக எதுவும் இல்லை.

"சட்டம் இன்னா சொல்லுது தெரியுமா? இந்த வேலைய செய்ய நம்ம ஆளுங்க யாரும் இல்லன்னு காட்டணும். அப்பதான் வெளிநாட்டு ஆளு."

"எங்க பக்கம் யாருமே இல்ல சார். சத்தியமா ஒருத்தரும் கிடையாது" என்று சொல்லிக் காகிதக் கட்டை நீட்டினேன்.

இங்கேதான் என் புத்தி என்னைக் கவிழ்த்தது. நம் ஊரில் எந்தப் பந்தயம் என்றாலும் சுவரொட்டி அடிப்போம். சுவரொட்டி என்றால் பட்டம் போடாமல் அடிக்க முடியுமா? மிஞ்சும் சுவரொட்டிகளை வீணாக்காமல் புத்தகத்துக்கு அட்டை போடுவோம், பொட்டலம் கட்டுவோம். அந்தப் பழக்கத்தில் ஜான் சாருடைய காகிதங்களையும் அழகாக ஒரு சுவரொட்டியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். அதிகாரி அதைப் பிரித்து மேசைமேல் விரித்தார். உள்பக்கத்தில் என் முகம். வாயில் விசில். கீழே கொட்டை எழுத்து: "கால்பந்து உலகின் கலங்கரை விளக்கம், வெற்றியின் மறுபெயர், பயிற்சியாளர் திலகம் சூசை அழைக்கிறார்!"

அவர் சுவரொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சுவரொட்டியைப் பார்த்தார்.

"கலங்கரை விளக்கம் செஞ்சியிலயே இருக்கும்போது மொரீஷியஸ்ல இருந்து எதுக்குய்யா ஆளு?"

"சார், அது சும்மா போட்டது."

"சும்மா போட்டதா? அப்ப இந்த விண்ணப்பமும் சும்மா போட்டதா?"

அதை மடித்துவிடக் கையை நீட்டினேன். "ஊருக்கு நேர்ல வந்து விசாரிப்பேன். போ" என்று சுவரொட்டியையும் கோப்பிலேயே வைத்துக்கொண்டார். அதே பேனா மூடியால் கதவைக் காட்டினார்.

செஞ்சியில் பஸ்ஸைவிட்டு இறங்கினால் பஸ் ஸ்டாண்டுச் சுவர் முழுக்க நானே விசிலோடு நிற்கிறேன். அதுவரை அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கொஞ்சம் மெதுவாக நடப்பேன், யாராவது பார்க்கிறார்களா என்று. அன்றைக்கு அந்த முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கக்கூஸ் கதவு எவ்வளவோ தேவலாம். ஒரு ஆடு என் படத்தைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. மூக்குவரை தின்றது. அதற்கு மேல் அதற்கும் பிடிக்கவில்லை, போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள் ஜெபத்துக்குப் போனேன். மெழுகுத்திரி ஏற்றி மண்டியிட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும்: என் முதல் வேண்டுதல், அந்த அதிகாரியை ராமநாதபுரத்துக்கு மாற்ற வேண்டும் என்பதுதான். இரண்டாவது, அவருக்கு மூலநோய். இவை புனிதர்கள் கேட்கிற ஜெபங்களா? பீடத்தில் புனிதர் தன் கையிலிருந்த குழந்தை இயேசுவைப் பார்த்துக்கொண்டு, என்னைக் கண்டுகொள்ளாமலே நின்றார்.

அப்போது ஜான் சார் வந்து என் பக்கத்தில் மண்டியிட்டார். புதிதாகக் கற்ற தமிழில், மெதுவாகக் கேட்டார்.

"சூசை... டீ முடிஞ்சுதா?"

அதில் கேலி துளியும் இல்லை. நான் சொன்னதை அப்படியே நம்பி, அது இன்னும் முடியவில்லையா என்று கேட்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக மைக் இல்லாமல், சத்தமே இல்லாமல் ஜெபித்தேன். "அந்தோணியாரே, என் மானம் போனாலும் போகட்டும். இந்த மனுஷன் மட்டும் போகக் கூடாது."

அன்புள்ளவர்களே, ஜெபத்தில் வார்த்தைகளைப் பார்த்து உபயோகியுங்கள். முதல் பாதியைப் புனிதர் உடனே கையில் எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம், பையன்கள் பயிற்சியில் இருக்கும்போது அதிகாரி மைதானத்துக்கு வந்து நின்றார். கையில் கோப்பு, கோப்புக்குள் என் சுவரொட்டி. ஜான் சார் ஓரமாகக் கைகட்டி நின்றார். அனுமதி இல்லாததால் பந்தைக்கூடத் தொடமாட்டார். அதிகாரி நேராக எங்கள் கேப்டன் காதரிடம் போனார். காதர் தையல்காரர், அவருடைய அத்தாவுக்கு அத்தா காலத்திலிருந்தே செஞ்சிக்காரர். என்னைத் தினமும் நேருக்கு நேராகவே கிண்டல் பண்ணுகிறவர்.

"இந்த சூசை கோச்சிங் எப்படி?"

எனக்கு நிம்மதி. காதர் உண்மையைச் சொல்லிவிடுவார், பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். காதர் நெஞ்சில் கை வைத்தார்.

"சார், அண்ணன் மாதிரி கோச்சு இந்த ஜில்லாவுலயே கிடையாது."

"டேய்!" என்றேன்.

"இன்னாண்ணே? வெளியூர் ஆபீசர் முன்னாடி உன்ன விட்டுக்குடுப்பமா?"

பின்னால் நின்றவர்களும் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். "அண்ணன்தான் சார் எல்லாம்." "அண்ணன் இல்லன்னா நாங்க இல்ல சார்." நம் ஊர்ப் பாசம் இருக்கிறதே, அது இப்படித்தான் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிக்கும். வீட்டுக்குள் என்ன வேண்டுமானாலும் திட்டலாம். வெளியாள் எதிரே ஒரு வார்த்தை வராது. ஜான் சாருக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் சிரிக்கிறார்களே, நல்ல செய்தி போலிருக்கிறது என்று அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் மைக்கைப் பிடுங்கினேன்.

"பொதுமக்களே! இவனுங்க சொல்றது பொய். எனக்குப் பந்தாட்டமே தெரியாது. நான் வந்த நாள்ல இருந்து தோல்விதான். விசில்கூட ஓசி விசில்!"

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை.

"நல்லா நடிக்கிறய்யா. வெளிநாட்டு ஆளக் கொண்டார்றதுக்கு டிராமாவா? நான் காலேஜ் டீம்ல லெஃப்ட் பேக் ஆடினவன், எங்கிட்டயேவா? சரி, ஒரே கேள்வி. ஆஃப்சைடுன்னா இன்னா?"

சகோதரர்களே, அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியது, "தெரியாது சார்" என்று கைவிரிப்பது. அதற்குத்தானே இவ்வளவு பாடு? ஆனால் ஒரு மைதானமே பார்த்துக்கொண்டிருக்கிறது. கையில் மைக் வேறு. கேட்டதோ எனக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. இதுகூடத் தெரியாதா என்று ரோஷம் வந்துவிட்டது. நிமிர்ந்து நின்று, தெளிவாக விளக்கினேன்.

"எதிர் டீம் ஆளு நம்ம பக்கம் வரலாம் சார், தப்பில்ல. ஆனா வந்தவன் போவாம அஞ்சு நிமிஷத்துக்கு மேல நின்னுட்டான்னா, அது ஆஃப்சைடு. விருந்தாளி மாதிரி. வந்தமா, போனமான்னு இருக்கணும்."

ஆஃப்சைடு என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்ட ஜான் சார், பக்கத்தில் நின்ற சாமியாரிடம் மீதிக்கு அர்த்தம் கேட்டார். சாமியார் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஜான் சார் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

காதர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அண்ணே... இத்தினி வருஷமா எங்களுக்கு இதயாண்ணே சொல்லிக்குடுத்த?"

அதிகாரி சிரிக்க ஆரம்பித்தார். கோப்பு கீழே விழுந்தது. புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டே, "இது நடிப்பில்லய்யா. இத நடிக்க முடியாது" என்றார். அங்கேயே என் நாற்காலியில் உட்கார்ந்து, அதே பேனா மூடியைக் கழற்றி, இந்த ஊரில் பயிற்சியாளர் என்று சொல்லத் தகுந்தவர் யாரும் இல்லை என்பதை நேரில் உறுதிசெய்ததாக எழுதினார். எழுதியதைச் சத்தமாகப் படித்தும் காட்டினார். மைக் ஆன் ஆகியிருந்தது.

போகும்போது கை கொடுத்தார். காது குடைந்த கை. அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினேன், அதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கையை வைத்துத்தான் ஆண்டவர் எழுதினார். நான் மூலநோய் கேட்ட மனிதரைக்கொண்டே எனக்கு நன்மை செய்தார். என் ஜெபத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சீ என்றிருக்கிறது.

குருத்து ஞாயிறு கழிந்து அனுமதி வந்து சேர்ந்தது. சாமியார் படித்துச் சொன்னதும் ஜான் சார் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக் கடைக்குப் போனார். இரண்டு கிளாஸ் வாங்கினார். என் சுவரொட்டிக்கு எதிரிலேயே நின்று குடித்துவிட்டு, காலி கிளாஸை எனக்குக் காட்டினார்.

"டீ முடிஞ்சுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது நம் பையன்கள் ஜெயிக்கிறார்கள், தோற்கவும் செய்கிறார்கள். ஏன் தோற்றோம் என்று தெரிந்து தோற்கிறார்கள். நான் பந்துக்குக் காற்றடிக்கிறேன், இடைவேளையில் எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுக்கிறேன், கோல் விழுந்தால் மைக்கில் சொல்கிறேன். சுவரொட்டியின் அடியில், "மைக் செட்: சூசை" என்று மட்டும் போடுகிறோம். அந்த எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடலாமா என்று போன தடவை அச்சகத்தில் கேட்டேன். சோதனை இன்னும் இருக்கிறது, எனக்காக ஜெபியுங்கள்.

உங்களுக்கும் ஏதாவதொரு நாறும் பெஞ்சில் உட்கார வேண்டி வரும். கோபப்படுங்கள், மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள், ஆனால் கேட்காமல் திரும்பிவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமை வாருங்கள், மண்டியிடுங்கள். எதை விட்டுக்கொடுக்கவே முடியாது என்று இறுக்கிப் பிடித்திருக்கிறீர்களோ, அதைக் கையோடு கொண்டுவாருங்கள். அந்தோணியார் என்னிடமிருந்து மானத்தை வாங்கிக்கொண்டார், பதிலுக்கு ஒரு மனிதரைக் கொடுத்தார். யார் கணக்குப் பார்த்தாலும் எனக்குத்தான் லாபம்.

அந்தோணியாருக்கு நன்றி. ஆஃப்சைடு என்றால் என்னவென்று ஜான் சார் இப்போது எனக்கும் சொல்லிக்கொடுத்துவருகிறார். இன்னும் புரியவில்லை. அதற்கும் ஒரு நவநாள் ஆரம்பித்திருக்கிறேன்.