ரேழியில் நின்ற கார்

கல்யாணமாகி மட்டாஞ்சேரி வீட்டுக்கு வந்த அன்று நான் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போகவில்லை. பக்கவாட்டில் நகர்ந்து போனேன். ரேழியை அடைத்துக்கொண்டு ஒரு கறுப்புக் கார் நின்றது. அதற்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நேராக நடக்க முடியாது. ஆரத்தித் தட்டோடு வந்த நாத்தனாரும் உடம்பை ஒருக்களித்துத்தான் வந்தாள். உள்ளே போய்ப் பார்த்தால் என் கூறைப்புடவையின் ஓரத்தில் எண்ணெய்க் கறை. அந்தக் கறை கடைசிவரை போகவில்லை.

அது ஒரு காலத்தில் சரக்குக் கிடங்காக இருந்த வீடு. கைவண்டி உள்ளே வருவதற்காகப் பெரிய மரக்கதவு போட்டிருந்தார்கள். தெருவில் கார் நிறுத்த இடம் கிடையாது என்பதால் என் மாமனார் காரை அந்தக் கதவு வழியாகவே உள்ளே ஏற்றிவிட்டார். அவர் சுக்கும் மிளகும் தரகு பார்த்தவர். கீழே ஒரு அறையில் சுக்கு மூட்டைகள், இன்னொன்றில் அவர். மாடியில் நாங்கள் இரண்டு பேர். எங்கள் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கிடங்கின் சுவர் தெரியும். சுவரைத் தவிர வேறு எதுவும் தெரியாது. மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டாள். நாத்தனார் எர்ணாகுளத்தில் குடித்தனம் செய்தாள்.

ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து மாமனார் வாங்கிய கார் அது. அவருக்கு ஓட்டத் தெரியாது. கூலிக்கு வரும் டிரைவர்களை நம்பவும் மாட்டார். ஆகையால் பாலத்துக்கு அந்தப் பக்கம் துறைமுகத் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்த என் கணவர்தான் அந்த வீட்டின் சம்பளமில்லாத டிரைவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் மூன்று பேரும் காரில் ஏறிப் பாலம் தாண்டி, தீவைத் தாண்டி, எர்ணாகுளத்தில் சிவன் கோவிலுக்கும் நாத்தனார் வீட்டுக்கும் போய்விட்டு வருவோம். மழையானாலும் வெயிலானாலும், எனக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலியானாலும் இது மாறாது.

காரைக் கிளப்பும்போது நீலமாக ஒரு புகை வரும். அது வெளியே போகாது, மாடிப்படி வழியாக எங்கள் அறைக்குத்தான் முதலில் வரும். நான் உலர்த்திய வெள்ளை வேட்டிகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் இருந்தன. பாலில்கூட அந்த வாடை அடித்தது. தெருவில் போனால் பின்னால் சைக்கிளில் வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதோ சொல்வார்கள். மாமனார் மட்டும் பின் ஸீட்டில் மகாராஜா மாதிரி முன்னே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். புகை பின்னால்தானே வருகிறது!

கோயம்புத்தூரில் இருந்த என் அண்ணா, அங்கே ஒரு மில்லில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொள்ளும் வேலை காலியிருக்கிறது என்று சொல்லி அனுப்பினான். என் கணவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிடித்திருந்தது. ஓணம் கழிந்து வந்து சேர்ந்தால் போதும், அதற்குமேல் காத்திருக்க முடியாது என்று மில்லில் சொன்னார்கள். ஜன்னலைத் திறந்தால் ஆகாசம் தெரிகிற ஒரு வீட்டில் நான் அன்றைக்கே மனசுக்குள் குடிபுகுந்துவிட்டேன்.

மாமனார் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"பேஷாப் போங்கோ," என்றார். "ஆனா இந்த வண்டிய ஒரு வழி பண்ணிட்டுப் போங்கோ. நீ போனா இத ஆர் ஓட்டறது? வித்துடலாம். ஆனா இப்பிடிப் புகைஞ்சா ஆர் வாங்குவான்?"

நியாயமாகத்தான் பட்டது. என் கணவரும் அப்படித்தான் நினைத்தார். புகையை நிறுத்தினால் கார் விற்கும், கார் விற்றால் நாங்கள் போகலாம். கணக்கு அவ்வளவுதான்.

அவருக்கு இஞ்சின் விஷயம் கொஞ்சம் தெரியும். தெரியாததைத் துறைமுகத்துக்காரர்களிடம் கேட்டுக்கொள்வார். ராத்திரி சாப்பாட்டின்போது எனக்கு விளக்கினார். பிஸ்டனைச் சுற்றி வளையங்கள் உண்டு, அவை தேய்ந்துபோய்விட்டன, அந்த இடுக்கு வழியாக எண்ணெய் மேலே ஏறிப் பெட்ரோலோடு சேர்ந்து எரிகிறது, அதுதான் நீலப் புகை. இஞ்சினைப் பிரித்து வளையத்தை மாற்றுவதுதான் சரியான வைத்தியம். ஆனால் மாமனார் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "வயத்தக் கிழிச்சப்பறம் எந்த வண்டி பிழைச்சிருக்கு?" மாமியாருக்கு ஆஸ்பத்திரியில் அதுதான் நடந்தது என்று என் கணவர் பிற்பாடு சொன்னார். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மிச்சமிருந்தது எண்ணெய் ஒன்றுதான். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து அதற்கு முப்பதாம் நம்பர் எண்ணெய்தான் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். புதிய இஞ்சினுக்கு அந்த மெல்லிய எண்ணெய் சரி. தேய்ந்துபோன இஞ்சினில் அது எல்லா இடுக்கிலும் புகுந்துவிடும். என் கணவர் ஆபீஸ் விட்டதும் போட் ஏறி எர்ணாகுளத்தில் பிராட்வே கடைத்தெருவுக்குப் போய், ஒவ்வொரு கடையாக விசாரித்து, நாற்பதாம் நம்பர் வாங்கி வந்தார். பழைய எண்ணெயை இறக்கிவிட்டு அதை ஊற்றினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புகை கொஞ்சம் மட்டுப்பட்டது, ஆனால் நிற்கவில்லை. பிறகு ஐம்பதாம் நம்பர் வாங்கி வந்தார். ஒரு கரண்டியில் எடுத்து எனக்குச் சாய்த்துக் காட்டினார். பாகு பதத்தில் மெதுவாக இறங்கியது. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு கனமான எண்ணெய் ஆறிக் கிடக்கும் இஞ்சினைச் சீக்கிரம் சுற்ற விடாது, கைப்பிடி போட்டுத்தான் சுற்ற வேண்டும் என்றார். சுற்றினார். தோள்பட்டை வீங்கி, ராத்திரி நான் ஒத்தடம் கொடுத்தேன்.

புகை நின்றுவிட்டது. முற்றிலும் என்று சொல்லமாட்டேன், மேட்டில் ஏறும்போது ஒரு மூச்சு வரும், அவ்வளவுதான். வேட்டி வெள்ளையாக உலர்ந்தது. ஆலப்புழைப் பக்கத்திலிருந்து ஒரு கயிறு வியாபாரி வந்து பார்த்தார். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பின்னால் போய்ப் புகைக் குழாயில் விரலை விட்டுப் பார்த்தார். திருப்தியாகச் சிரித்தார். நான் மாடிப்படியில் நின்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விலை பறயணும் சாமி," என்றார் அவர்.

"விக்கறதா இல்லை," என்றார் மாமனார். "இப்பதான் வண்டி ஒரு வண்டியா ஆயிருக்கு."

வியாபாரி சாயா குடித்துவிட்டுப் போய்விட்டார். காரின் மூடியைத் தடவிக்கொண்டே மாமனார் மகனைப் பார்த்துச் சொன்னார்: "ஒன் கைராசிடா. இத ஒன்ன விட்டா ஆரும் தொடக்கூடாது." என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனுஷனைக் கட்டிக்கொண்டதற்காக அன்றுதான் முதல் தடவையாக வருத்தப்பட்டேன்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கார் தன் பேரைக் காப்பாற்றிவிட்டது என்று மாமனாருக்கு அதன்மேல் பாசம் பொங்கிற்று. கடைத்தெருவில் யாரோ சொன்னார்களாம், புதுசாக ஒரு எண்ணெய் வந்திருக்கிறது, விலை அதிகம், அது இஞ்சினை உள்ளேயே கழுவிச் சுத்தம் செய்துவிடும் என்று. தானே போய் ஒரு டின் வாங்கி வந்துவிட்டார். நல்ல பிள்ளைக்கு நெய் வாங்கி வருகிற மாதிரி.

"அப்பா, இது இந்த வண்டிக்கு வேண்டாம்," என்றார் என் கணவர். "இத்தன வருஷம் உள்ள சேர்ந்த அழுக்குதான் அந்த இடுக்கெல்லாத்தையும் அடைச்சிண்டிருக்கு. அதக் கழுவினா ஒழுகும்."

"அழுக்கில ஓடற வண்டி உண்டோ? நல்லதக் குடுத்தா கெட்டுப் போகுமாம்! ஊத்து."

ஊற்றினார். வேறு என்ன செய்வார்? இவர் அப்பா பேச்சைத் தட்டாத பிள்ளை என்று கல்யாணத்துக்கு முன்பு எங்கள் வீட்டில் பெருமையாகச் சொன்னார்கள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அளவுக்குச்சியை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் எண்ணெய் தாரைப்போலக் கறுத்து வந்தது, மட்டமும் இறங்கியிருந்தது. இஞ்சினுக்கு அடியில் சொட்டுப் போட ஆரம்பித்தது. ரேழித் தரையில் நான் வைத்த பழைய தாம்பாளம் காலையில் நிறைந்திருக்கும். புகை முன்னைவிடக் கெட்டியாக வந்தது. மறுபடியும் ஐம்பதாம் நம்பரை ஊற்றிப் பார்த்தார், அதையும் குடித்தது. ஓணம் வந்தது. மாமனார் கவலையோடு சொன்னார்: "இத இப்பிடிப் போட்டுட்டு எப்பிடிடா போவாய்? சரி பண்ணிட்டுப் போ."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புகைந்தால் விற்க முடியாது. புகையாவிட்டால் விற்க மனசு வராது. எந்த நம்பர் எண்ணெயை ஊற்றினாலும் நாங்கள் அந்த ரேழியைத் தாண்டப் போவதில்லை. மாமனார் இதைத் திட்டம் போட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் நிஜமாகவே காரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மறு திங்கட்கிழமை மில்லில் சேர வேண்டும். அதற்கு முந்தின நாளும் வழக்கம்போலக் காரில் கிளம்பினோம். பாலத்தில் ஏறினதும் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். ஏதோ கப்பல் வருகிறதாம், பாலத்தின் நடுப்பகுதியை மேலே தூக்கினார்கள். முன்னால் பாதை இல்லை. பின்னால் லாரியும் சைக்கிளும் அடைத்துக்கொண்டன. நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்று இஞ்சினை அணைக்காமல் வைத்திருந்தார். புகை ஜன்னல் வழியாகக் காருக்குள்ளேயே வந்தது. கண் எரிந்தது.

"நாளைக்கு ஆபீஸ் விட்டு வரச்சே பிராட்வேயில அறுபது நம்பர் உண்டான்னு கேளு," என்றார் மாமனார்.

நாளைக்கு! நான் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன்.

"எங்க போறே?" என்றார் என் கணவர்.

"கோயம்புத்தூருக்கு."

சொல்லிவிட்டு வீறாப்பாக நடந்தேன். பாலம் தூக்கியிருக்கிறது என்பது தடுப்புக் கம்பி வயிற்றில் இடித்தபோதுதான் நினைவுக்கு வந்தது. கோபித்துக்கொண்டு போகக்கூட அந்த ஊரில் வழி இல்லை. மீன் கூடைக்காரிகளோடும் சைக்கிள்காரர்களோடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையில் கோவிலுக்கு எடுத்து வந்த தேங்காய், கற்பூரம். காலணா இல்லை. பின்னால் என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டது கேட்டது. வண்டியை விட்டு அவரால் இறங்கி வரவும் முடியாது. திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தோன்றியதால் கப்பலையே பார்த்தேன். அது பாலத்தைக் கடந்து போக ஒரு யுகம் பிடித்தது.

பாலம் இறங்கியதும் நடந்தேன். எங்கள் கார் என் பின்னாலேயே மெதுவாக வந்தது. அதற்குப் பின்னால் வந்த அத்தனை பேரும் ஹார்ன் அடித்தார்கள். தீவு ஸ்டேஷன் வரைக்கும் அப்படியே போய், பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். கோயம்புத்தூர் வழியாகப் போகும் சாயங்கால ரயில் அங்கேயிருந்துதான் புறப்படும்.

மாமனார் வந்து பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தார். என் கணவர் நின்றுகொண்டிருந்தார். கையில் கார்ச் சாவி.

"ஒரு மாத்துப் புடவைகூட இல்லாமயா போவாய்?" என்றார் மாமனார்.

"அண்ணா ஆத்துல மன்னியோடது இருக்கு."

"ம்." எங்களுக்கு நடுவில் இருந்த தேங்காயைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். "ஒனக்கும் போணுமா?"

என் கணவர் அப்பா முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். "ஆமாப்பா. போணும்."

மாமனார் சட்டைப் பைக்குள்ளிருந்து பர்ஸை எடுத்து மகனிடம் நீட்டினார். "ரெண்டு டிக்கெட் எடு. பெட்டியெல்லாம் நான் அனுப்பறேன்."

ரயில் நகரும்போது என் கணவர் ஜன்னல் வழியாக அப்பாவிடம் கார்ச் சாவியை நீட்டினார். அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய முடியும்? வாங்கிக்கொண்டார். ஸ்டேஷன் வாசலில் மரத்தடியில் கார் நின்றது. அவர் ஜெட்டிக்குப் போய் போட் ஏறி வீட்டுக்குப் போனாராம். கார் அங்கேயே பல நாள் நின்று, கடைசியில் பழைய இரும்புக்காரன் கட்டி இழுத்துக்கொண்டு போனான் என்று நாத்தனார் சொன்னாள்.

தீபாவளிக்குப் போனோம். மரக்கதவு திறந்திருந்தது. ரேழி வெறிச்சென்று, கைவண்டியே வந்து திரும்புகிற அளவுக்கு விசாலமாக இருந்தது. நடுத்தரையில் தேய்த்தும் போகாத ஒரு பெரிய எண்ணெய்க் கறை. உள்ளே போக எத்தனை இடம்! ஆனாலும் நான் சுவரோரமாக உடம்பை ஒருக்களித்துக்கொண்டுதான் நகர்ந்தேன். பாதியில் எனக்கே சிரிப்பு வந்தது.

எங்கள் குரல் கேட்டு மாமனார் உள்ளேயிருந்து வந்தார். அவரும் ஒருக்களித்துக்கொண்டே வந்தார். அவர் சிரிக்கவில்லை.