ஒன்றரை மடங்கு மணல்

ஒன்பது வயதில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. வீட்டில் என்ன நடந்தாலும் கோடு போட்ட நோட்டில் எண் போட்டு எழுதி வைப்பேன். அப்பா அப்போதுதான் நிலத்தை விட்டுவிட்டு ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் போக ஆரம்பித்திருந்தார். அவருடைய ஷிப்ட் அட்டவணை எங்கள் வீட்டு அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துத்தான் எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றியிருக்க வேண்டும். தம்பிக்குத் தொட்டில் போட்ட ஞாயிற்றுக்கிழமைக்கு அந்த நோட்டில் பதினோரு வரிகள் இருக்கின்றன. அவற்றில் பத்து வரிகள் சரியானவை.

முதல் வரி: மாமா ஒன்பது மணிக்கு வந்தார்.

மாமா அம்மாவுக்கு ஒரே அண்ணன். அம்மாவின் அப்பாவும் அம்மாவும் அவள் சிறுமியாக இருந்தபோதே போய்விட்டதால், பிறந்த வீடு என்று அவளுக்கு மீதமிருந்தது அவர் ஒருவர்தான். எங்கள் பக்கத்தில் குழந்தையின் முதல் தொட்டிலைத் தாய்மாமன் கையால் கட்ட வேண்டும். நான் பிறந்தபோது அவர் வரவில்லை. ஒரு புடவையும் வெள்ளி அரைஞாணும் யார் கையிலோ கொடுத்தனுப்பினார். தொட்டிலை அடுத்த வீட்டுக்காரர் கட்டினாராம். அம்மா அதை ஒன்பது வருடம் மனதில் வைத்திருந்தாள். தம்பி பிறந்ததும் போன் போட்டு, "நீ வந்து கட்டுற வரைக்கும் புள்ள தரையிலதான் கெடக்கும்" என்று சொல்லிவிட்டாள். பதினாறாம் நாள் மாமா வந்து நின்றார்.

அவர் ஒரு மத்திய சிறையில் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது மட்டும் எனக்குத் தெரியும். மீதியை அம்மா சொன்னது நான் கல்லூரியில் மெக்கானிக்கல் சேர்ந்த பிறகு. அந்தச் சிறையில் தூக்குப் போடுவதற்கென்று தனியாக ஆள் கிடையாது. முதல் முறை உத்தரவு வந்தபோது அதிகாரி வார்டர்களை வரிசையாக நிற்க வைத்து, யார் செய்கிறீர்கள் என்று கேட்டாராம். யாரும் நகரவில்லை. மாமா வேலையில் சேர்ந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. கிணறு வெட்டுகிறவரின் மகன் என்பது அதிகாரிக்குத் தெரியும். "உனக்குக் கயிறு கட்டத் தெரியுமில்ல?" என்று கேட்டார். தெரியும் என்றார் மாமா. தெரியாது என்று சொல்லியிருந்தால் வேலை போயிருக்குமோ என்னவோ. வீட்டில் பத்து வயதுத் தங்கை இருந்தாள்.

அதன் பிறகு எப்போது உத்தரவு வந்தாலும் யாரும் வரிசையில் நிற்கவில்லை. நேராக அவரையே கூப்பிட்டார்கள். மொத்தம் நான்கு பேர். கயிற்றுக்கு வாழைப்பழம் தேய்த்து மிருதுவாக்குவார். ஆளின் எடையைப் போல ஒன்றரை மடங்கு மணலை மூட்டையில் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பார். குறித்த நேரத்தில் லிவரை இழுப்பார். பிறகு டாக்டர் கீழே இறங்கிப் போய்ப் பார்த்து முடிந்தது என்று சொல்லும்வரை, கயிற்றையே பார்த்துக்கொண்டு நிற்பார். மற்ற நாட்களில் பூட்டைத் திறந்து மூடுகிற, கைதிகளை எண்ணுகிற சாதாரண வார்டர்.

இதில் எதுவும் தெரியாமல்தான் அன்று நான் அவரைக் கவனித்துக்கொண்டிருந்தேன். வேட்டிக்கு மேல் அகலமான பெல்ட். காலில் பின்பக்க வாரில்லாத செருப்பு. படப்பையில் வாங்கி வந்த இனிப்புப் பெட்டியில் நூல் சுற்றியிருந்தது. "நீ அவுரு பாப்பா" என்று என்னிடம் நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாவது வரி: மாமாவுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாது. அந்த வரியைச் சரியானவற்றில் சேர்த்திருக்கிறேன். அவிழ்க்கும்படியான முடிச்சை அவர் போட்டதில்லை.

தகராறு சமையல்கட்டில் தொடங்கியது. அப்பாவின் தங்கை, என் அத்தை, வெங்காயம் நறுக்கிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்தினால் தெருமுனைக்குத்தான் கேட்காது.

"இன்னா அண்ணி, ஊர்ல வேற கையே இல்லியா? அந்தக் கையால தொட்ட கயித்துலயா எங்கண்ணன் புள்ள தூங்கணும்?"

"அந்தக் கைதான் எனக்குச் சோறு போட்டுச்சு" என்றாள் அம்மா. "அந்தச் சோத்தத் தின்னுட்டுத்தான் உங்க வூட்டுக்கு வந்தேன்."

நான் கூடத்துக்குப் போய் மாமாவின் கைகளைப் பார்த்தேன். வலது கையில் ஐந்து விரல்கள், இடது கையில் ஐந்து. ஒரு நகம் மட்டும் கறுத்திருந்தது. அதற்காகவா இவ்வளவு பேச்சு என்று தோன்றியது.

அம்மாவை மாமாவும் கைவிட்டார். அவள் புதுப் பருத்திக் கயிற்றைத் தாம்பாளத்தில் வைத்து எடுத்து வந்தபோது, நாற்காலியிலிருந்து எழுந்து பின்னால் போனார்.

"வேணாம்மா. உன் நாத்தனார் சொல்றது நாயந்தான். வேற யாராச்சும் கட்டட்டும். நா தள்ளி நின்னு பாத்துக்கறேன்."

"தள்ளி நின்னு பாக்கறதுக்கா பஸ் ஏறி வந்தே?"

அவர் வாசற்படிக்குப் போய் நின்றுகொண்டார். அம்மா தாம்பாளத்தைத் தரையில் வைத்துவிட்டு, தம்பியை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். தெருப் பெண்கள் வந்து பாயில் அமர்ந்திருந்தார்கள். பத்தே முக்காலுக்கு நல்ல நேரம் தொடங்கப் போகிறது. அப்பா கடிகாரத்தையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார்.

அத்தை மாடி அண்ணனைக் கூப்பிட்டாள். எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருந்தவர்; திருநெல்வேலிப் பக்கம்; கம்பெனியில் கிரேன் வேலை. யார் எதைக் கேட்டாலும் உடனே செய்துவிடுகிற மனிதர். கயிறு மாமாவுக்கு உரியது என்பதால் அதைத் தொடாமல், தன் அறையிலிருந்து ஒரு மஞ்சள் நிறப் பட்டையை எடுத்து வந்தார். கம்பெனியில் இரும்புச் சாமான்களைத் தூக்கும் பெல்ட். ஸ்டூலில் ஏறி உத்திரத்துக் கொக்கியில் மாட்டி, அம்மாவின் பழைய புடவையை அதில் முடிந்தார்.

"யாரும் பயப்படாதீங்க. ரெண்டு டன்னு தாங்கும்லா இது! பிள்ள வளந்து கல்யாணம் முடிச்சு, பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்து படுத்தாலும் ஒண்ணும் ஆவாது."

பெண்கள் சிரித்தார்கள். அத்தை தம்பியை அம்மாவின் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு தொட்டில் பக்கம் போனாள். அம்மா தடுக்கவில்லை. தலையைக்கூடத் திருப்பவில்லை.

"நில்லு."

அந்தக் குரலை அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை. அத்தை, மாடி அண்ணன், தேங்காயை உடைக்கக் கை ஓங்கியிருந்த அப்பா எல்லோரும் அப்படியே நின்றார்கள். மாமா வாசற்படியிலிருந்து நேராக உள்ளே வந்தார். பட்டையைக் கொக்கியிலிருந்து இறக்கி, அதன் ஓரத்தில் கட்டை விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இது இன்னா?"

ஓரத்தில் தையல் ஒரு விரல் நீளத்துக்கு அறுந்திருந்தது.

"அது... கழிச்சுப் போட்டது அண்ணாச்சி. கம்பெனியில ஆவாதுன்னுட்டாவ. வீட்டுக்கு ஆவும்லா?"

"ரெண்டு டன் தாங்கும்னு யாரு சொன்னா?"

"அதுலயே எழுதியிருக்கே."

"எழுதுனவன் வந்து கீழ நிப்பானா?" என்று கேட்டுவிட்டு, புடவை முடிச்சைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். வழவழப்பான பட்டையில் முடிச்சு அரை அடி நழுவி வந்தது. அத்தை தம்பியை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

இன்று நான் பார்க்கிற வேலையே இதுதான். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில், பளு தூக்கும் பட்டைகளையும் சங்கிலிகளையும் சோதித்துச் சீட்டு ஒட்டுகிறேன். கழித்த பட்டையை இரண்டாக வெட்டாமல் குப்பையில் போடாதீர்கள் என்று வாரம் ஒருமுறையாவது யாரிடமாவது சொல்கிறேன். இருந்தாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: தையல் அறுந்த அந்தப் பட்டை நூறு தம்பிகளைத் தாங்கியிருக்கும். மாமா பயப்பட வேண்டியது முடிச்சுக்கு மட்டும்தான். ஆனால் அவர் இரண்டையும் கண்டுபிடித்தார்.

தாம்பாளத்தின் முன் அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குனிந்து கயிற்றை எடுத்தார். அம்மா சுவரிலிருந்து திரும்பினாள். கயிற்றை முழம் முழமாக விரல்களுக்கிடையே விட்டுக்கொண்டே போனார்; கண் மூடியிருந்தது. தாம்பூலத் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துப் பாதி உரித்தார். உரித்ததும் அதைப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "நீ சாப்புடு பாப்பா." ஏன் எனக்கு என்று கேட்காமல் தின்றேன்.

"எட எவ்ளோ?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"பதினாறு நாள் புள்ளைக்கு எட எதுக்கு?" என்றாள் அத்தை.

"மூணு கிலோ நூறு" என்றாள் அம்மா.

மாமா என் பக்கம் திரும்பினார். "ஒண்ணரை மடங்கு எவ்ளோ ஆவும்? நோட்டுல போடு."

வீட்டில் ஒரு பெரியவர் உண்மையாகவே விடை வேண்டும் என்று என்னிடம் கணக்குக் கேட்டது அதுதான் முதல் முறை. நான்கு கிலோ அறுநூற்று ஐம்பது என்று சொன்னேன். நோட்டை வாங்கிச் சரிபார்த்துவிட்டுத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்காக நான் பொறியியல் படித்தேன் என்று சொன்னால் மிகை. முழுப் பொய்யும் இல்லை.

பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலை ஒரு அரிசிப் பையில் அள்ளிக்கொண்டு, நானும் மாடி அண்ணனும் மளிகைக்கடைக்கு ஓடினோம். "மண்ண நிறுத்துக் குடுக்கற நெலமைக்கு வந்துட்டனா நானு?" என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டே நிறுத்துக் கொடுத்தார். திரும்பி வந்தபோது கயிறு கொக்கியில் ஏறியிருந்தது. முடிச்சு சிறியதாக, ஒழுங்காக இருந்தது. மாமா மணல் பையைப் புடவைக்குள் வைத்து, "ஒரு மணி நேரம்" என்றார். "ஆட்டிக்கினே இரு பாப்பா."

நான் ஆட்டினேன். தேங்காய் உடைத்தாயிற்று, நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது, தொட்டிலில் மணல் தூங்கியது. ஒரு பக்கத்து வீட்டு அக்கா மணலுக்கு ஒரு தாலாட்டும் பாடிவிட்டாள். அத்தைக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா அன்று முதல் முறையாகச் சிரித்தாள்.

"எதுக்கு மாமா மணல்?" என்று கேட்டேன்.

"மண்ணுக்கு வலிக்காது பாப்பா."

மணல் பையை இறக்கியபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. நோட்டில் நிமிடம்கூட இருக்கிறது: 12.05. அத்தை கடைசியாக ஒருமுறை வழிமறித்தாள். "எமகண்டம் ஆரம்பிச்சாச்சு. ஒண்ணரைக்கு மேலதான் போடணும்."

"எமகண்டத்த நா பாத்துக்கறேன்" என்றார் மாமா.

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அத்தை வழியை விட்டு விலகினாள். தம்பியை அவளே மாமாவின் கையில் கொடுத்தாள். அம்மாவிடம் கொடுத்திருக்கலாம், அவரிடம்தான் கொடுத்தாள். மாமா அவனைத் தொட்டிலில் வைத்தார். வைத்த நொடியில் அவன் தூங்கிவிட்டான். அம்மா எழுந்து வந்து அண்ணனின் தோளில் நெற்றியைச் சற்று வைத்துவிட்டு, இலை போடப் போனாள்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். மாமா வரவில்லை. தொட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தார். நான் அப்பளம் கேட்டு வாங்கும் சாக்கில் இரண்டு முறை எட்டிப் பார்த்தேன். இரண்டு முறையும் அவர் தம்பியைப் பார்க்கவில்லை. கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டில் ஆடவில்லை. உள்ளே சத்தமில்லை. அவர் கை முழங்காலில் அப்படியே இருந்தது.

பாயசம் ஊற்றும்போது அந்தக் கூச்சல் கேட்டது.

"முழிச்சிட்டான்! யம்மா, ஓடியா! முழிச்சிட்டான்!"

நாங்கள் சோற்றுக் கையோடு ஓடினோம். அம்மா விழுந்தடித்துக்கொண்டு முதலில் போனாள். மாமா எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் புடவையை விரித்துக் காட்டினார். உள்ளே தம்பி கண்ணைத் திறந்து, காலை உதைத்துக்கொண்டு, அழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். மாமாவின் முகம் முழுக்க ஈரம்.

"கண்ணத் தொறந்துட்டாம்மா. பாரு. என்னியப் பாக்கறான்."

"தூங்குன புள்ள முழிக்கத்தான செய்யும்!" என்று மாடி அண்ணன் சிரித்தார். தெருப் பெண்களும் சிரித்தார்கள். "இதுக்கா இந்தக் கூப்பாடு? எனக்கு உசுரே போயிருச்சு" என்றாள் அத்தை, ஆனால் அவள் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன், எல்லோரையும்விடச் சத்தமாக. பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து நோட்டை எடுத்து, அன்றைய கடைசி வரியை எழுதி, அதன் கீழே அடிக்கோடும் போட்டேன்.

பதினொன்று: மாமாவுக்குக் குழந்தைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது.